ஒருநாள் மனநலப் பயிற்சியில் எதைச் சொல்லிக்கொடுப்பது, எதை விடுவது?

குறிஞ்சிப்பாடி பக்கம் மகளிர் குழுக் கூட்டமைப்பு ஒன்றில் பொறுப்பில் இருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "எங்கள் குழுக்களிலிருந்து முப்பது பேரைத் தேர்ந்தெடுத்து ஒருநாள் மனநல விழிப்புணர்வுப் பயிற்சி கொடுக்கச் சொல்கிறார்கள். ஒரே நாளில் என்ன வந்துவிடும்? எட்டாவது, பத்தாவது படித்த பெண்கள் போய், மனசு உடைந்து கிடப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்து, அது வேறு மாதிரி ஆகிவிட்டால் யார் பொறுப்பு? இதையெல்லாம் டாக்டர்களிடம் விட்டுவிடுவதுதானே சரி?"

கடலூர், புதுச்சேரி வட்டாரத்தில் இந்த மாதிரிப் பயிற்சிகளில் வேலை செய்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டாக்டரிடம் விடலாம்தான், ஆனால் ஆள் முதலில் டாக்டரிடம் போய்ச் சேர வேண்டுமே. 2015-16இல் பெங்களூரில் இருக்கும் தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பிரச்சினையுடன் இருப்பதாகவும், அவர்களில் பெரும்பாலானவர்கள் எந்தச் சிகிச்சைக்கும் போகவில்லை என்றும் சொன்னது, அந்தக் கணக்கெடுப்பில் தமிழ்நாடும் இருந்தது. நம் வட்டாரத்துக்கு இன்னொரு எண் முக்கியம். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாடு முழுவதும் ஒரு லட்சம் பேரில் 12.4 பேர் தற்கொலையால் இறந்தார்கள், புதுச்சேரியில் அது 29.7. ஜிப்மர் மாதிரி பெரிய ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஊர் அது. ஆக, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது, அந்த வாசல் வரைக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போக யாராவது வேண்டும், அந்த யாராவது பெரும்பாலும் பக்கத்து வீட்டு அக்காவோ அண்ணியோ கூட வேலை செய்கிறவரோதான். உங்கள் முப்பது பேர் அந்த இடத்துக்குத்தான் தேவை.

ஒரே நாளில் என்ன வந்துவிடும் என்றால், அந்த நாளை எப்படிச் செலவழிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் பார்த்த பல பயிற்சிகளில் காலை பதினொன்றரை வரை விளக்கேற்றுவதும் வரவேற்புரையும் போய்விடும், அதற்கப்புறம் ஒரு டாக்டர் வந்து மனச்சோர்வு, மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு என்று ஒவ்வொரு நோய்க்கும் அறிகுறிகளைத் திரையில் காட்டுவார், சாப்பாட்டுக்கு அப்புறம் பாதிப் பேர் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது சட்டங்களும் திட்டங்களும் வரும், நாலு மணிக்குச் சான்றிதழ். வந்த டாக்டர் நல்லவர், சொன்னதும் சரிதான், ஆனால் வீட்டுக்குப் போன அந்தப் பெண்மணி மறுநாள் தெருவில் ஒருத்தி மூஞ்சி வாடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் பக்கத்தில் போய் வாயைத் திறந்து முதல் வாக்கியமாக என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியாது. நோய்ப் பெயர் தெரிந்ததால் ஒரு கெடுதலும் நடக்கும், "அவளுக்கு டிப்ரஷன்டி" என்று தெருவுக்கே பட்டம் கட்டிவிடுவார்கள். அதனால் என் கருத்து இதுதான்: நோயின் பெயர்களுக்கு அரைமணி நேரம் போதும், மீதி நாள் முழுக்க வாயால் கேட்டுப் பழகவும், காதால் கேட்டுப் பழகவும், கூட்டிக்கொண்டு போவது எப்படி என்று பார்க்கவும் போக வேண்டும்.

கண்டுபிடிப்பதில் இருந்து ஆரம்பிக்கிறேன். நம் ஊரில் யாரும் "எனக்கு மனச்சோர்வு" என்று வந்து சொல்வதில்லை. தலை பாரமாக இருக்கிறது, நெஞ்சு அடைக்கிறது, கை கால் எரிகிறது, விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது, எதைத் தின்றாலும் மண்ணாக இருக்கிறது என்றுதான் வரும். ஈசிஜி எடுத்திருப்பார்கள், ரத்தம் பார்த்திருப்பார்கள், ஸ்கேன்கூட எடுத்திருப்பார்கள், எல்லாம் நார்மல், "ஒண்ணும் இல்ல போம்மா" என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள், ஆனால் அவருக்கு என்னவோ இருக்கிறது. குழு நடத்துகிறவர்களுக்கு இதைக் கண்டுபிடிக்க ஒரு வசதி உண்டு, வாரா வாரம் ஒரே முகங்களைப் பார்க்கிறீர்கள். முன்னாடி வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும் கலாய்க்கிறவள் சுவரோரமாகப் போய் உட்கார்கிறாள், அடுத்த வாரம் பணத்தை மகளிடம் கொடுத்தனுப்புகிறாள், அதற்கடுத்த வாரம் தலைகூட வாராமல் வருகிறாள். இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் சோர்வும், எதிலும் பிடிப்பில்லாமையும், தூக்கம் அல்லது பசி கெட்டுப்போவதும் சேர்ந்து இருந்தால் போய்ப் பேச வேண்டும், அது என்ன நோய் என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் "நான் இல்லன்னா எல்லாரும் நிம்மதியா இருப்பாங்க" என்றோ, "எல்லாருக்கும் பாரமா இருக்கேன்" என்றோ ஒரு வார்த்தை காதில் விழுந்தால், அல்லது ஒருவர் திடீரென்று நகையை, பொருளை எடுத்து ஆளுக்குக் கொடுத்துக் கணக்கு முடிப்பது மாதிரி நடந்துகொண்டால், இரண்டு வாரமெல்லாம் காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே.

நாளின் பெரும்பகுதி போக வேண்டியது அடுத்ததற்கு. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியை எதிரெதிராக இல்லாமல் கொஞ்சம் சாய்வாகப் போடுங்கள், ஒருவர் கஷ்டத்தில் இருப்பவராக, இன்னொருவர் பக்கத்து வீட்டுக்காரராக நடிக்கட்டும், மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து பார்க்கட்டும். கஷ்டத்தில் இருப்பவர் இரண்டு வாக்கியம் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் இருப்பவர் வாயிலிருந்து அறிவுரை வந்துவிடும், அநேகமாக எல்லாப் பயிற்சியிலும் இது நடக்கும்: "புள்ளைங்க மூஞ்சப் பாத்துக்கிட்டு தைரியமா இருக்கணும்", "எனக்கு வராத கஷ்டமா, நான் இல்லையா", "இதுக்கெல்லாம் போயி அழுவாங்களா". அந்த இடத்தில் நிறுத்துங்கள். நிறுத்தி, கஷ்டப்பட்டவராக நடித்தவரிடம் இப்போது மேற்கொண்டு பேசத் தோன்றுகிறதா என்று கேளுங்கள். "இல்லீங்க, வாய மூடிக்கலாம்னு தோணுச்சு" என்பார். நடிப்புத்தான் என்றாலும் அந்த வார்த்தையைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்கலாம், அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். அப்புறம் மறுபடி ஆரம்பிக்கச் சொல்லுங்கள். இந்த முறை ஐந்து நிமிடத்துக்கு அறிவுரையே கிடையாது, "அப்புறம் என்னாச்சு", "எவ்ளோ நாளா இப்படி இருக்கு", "ராத்திரியில எப்படி இருக்கு", "யார்கிட்டயாவது சொன்னீங்களா" என்று மட்டும் கேட்கலாம், இல்லை என்றால் சும்மா உட்கார்ந்திருக்கலாம். அந்த ஐந்து நிமிடம் பலருக்கு ஒரு மணி நேரமாகத் தெரியும். முப்பது பேரும் ஜோடி ஜோடியாக இதைச் செய்து, இடம் மாற்றி இன்னொரு முறை செய்து முடிக்கக் காலை முழுவதும் ஆகும், ஆகட்டும்.

அப்புறம் எல்லோரும் தயங்குகிற கேள்வி. சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டது மாதிரி ஆகிவிடாதா என்று உங்களுக்கு இருக்கும் பயம்தான் எல்லோருக்கும் இருக்கிறது. பல நாடுகளில் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், நேராகக் கேட்பதால் தற்கொலை எண்ணம் கூடுவதில்லை, பலருக்கு ஒரு வழியாக யாரோ கேட்டுவிட்டார்கள் என்ற ஆறுதல்தான் வருகிறது. ஆனால் கேட்கும் விதம் இருக்கிறது. "தப்பா எதுவும் யோசிக்கலல்ல?" என்று கேட்டால் நாம் இல்லை என்ற பதிலைத்தான் எதிர்பார்க்கிறோம் என்று அவருக்குப் புரிந்துவிடும், "சேச்சே, அதெல்லாம் இல்ல" என்று சொல்லிவிடுவார். "இவ்ளோ கஷ்டத்துல இருக்கும்போது சிலருக்குச் செத்துப் போயிடலாம்னு தோணும், உங்களுக்கு அப்படித் தோணுதா?" என்று குரலைத் தாழ்த்தாமல், முகத்தைப் பார்த்து, சாதாரணமாகக் கேட்க வேண்டும். பயிற்சியில் இதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் முதல் தடவை முந்தானையால் வாயை மூடிக்கொள்வார்கள், பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், பாதி வாக்கியத்தில் நிறுத்திவிடுவார்கள். அமங்கலமான பேச்சு என்று வளர்ந்த பழக்கம் அது, ஒருவரையும் குறை சொல்ல முடியாது. முப்பது பேரும் ஒருவர் பின் ஒருவராக, குரல் நடுங்காமல் வரும் வரை அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்க வேண்டும். நாள் முழுக்க நேரம் கிடைக்காமல் போய் ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்வேன்.

"ஆமா, தோணுது" என்று பதில் வந்தால் என்ன செய்வது? பதறக் கூடாது, சத்தியம் வாங்கக் கூடாது, "பாவம்" என்று பயமுறுத்தக் கூடாது. எப்படிச் செய்வது என்று ஏதாவது நினைத்து வைத்திருக்கிறீர்களா, இன்றைக்கே என்ற மாதிரி இருக்கிறதா என்று அமைதியாகக் கேளுங்கள். இருக்கிறது என்றால் அவரைத் தனியாக விடாமல், அவர் நம்பும் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்து, கைக்கு எட்டுகிற ஆபத்தான பொருளை அங்கிருந்து அப்புறப்படுத்தி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு. பொருளை அப்புறப்படுத்துவது என்பது சாதாரண விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துக்குத்தான் உச்சத்தில் இருக்கும், அந்த நேரத்தில் கைக்கு எதுவும் கிடைக்காமல் போனாலே பலர் பிழைத்துவிடுகிறார்கள். இதற்கு நம் மாவட்டத்திலேயே சான்று உண்டு. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகா அமைப்பு, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்தை வீட்டில் பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் வைக்காமல், ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டியில் வைக்க ஏற்பாடு செய்து பார்த்தது, அந்த ஊர்களில் உயிரிழப்பு குறைந்தது என்று 2013இல் ஆய்வுக் கட்டுரையாகவும் வந்தது. சிறிய ஆய்வுதான், ஆனால் செய்ய முடியும் என்று காட்டிவிட்டது. உங்கள் குழுவில் முந்திரித் தோப்பும் பூந்தோட்டமும் வைத்திருப்பவர்கள் இருப்பார்கள், மருந்தைப் பூட்டி வைத்து, சாவியை யார் கையில் கொடுப்பது என்று பயிற்சியிலேயே பேசி முடிவெடுக்கலாம்.

ஒருவர் ஏற்கெனவே எதையாவது குடித்துவிட்டார் என்று தெரிந்தால் 108தான், வேறு யோசனை வேண்டாம். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய் நிலைமை மோசமாகும். பாட்டிலையோ அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள். "இப்ப நல்லாத்தான் இருக்கான்" என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் கூடாது, சில விஷங்கள் இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் ஈரலைத் தாக்கும். போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில்தான் நிறைய வீடுகளில் மறைக்கிறார்கள், அதனால் இதை அழுத்திச் சொல்லிவிடுங்கள்: 2018இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுப்பது அரசின் கடமை என்று சொல்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆவது பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை, கடமையைச் செய்யும் அரசு ஊழியரை நெருக்குவதற்காகத் தற்கொலைக்கு முயல்வது மட்டும் தனிக் குற்றமாக இருக்கிறது. ஆஸ்பத்திரியில் பதிவு போடுவார்கள், போலீஸ்காரர் வந்து விசாரிக்கவும் செய்வார், அதைக் கேட்டு அரள வேண்டாம்.

நோய்ப் பெயர்களுக்கு அரைமணி நேரம் என்றேனே, அந்த அரைமணியில் சேர்க்க வேண்டியவை சில உண்டு, ஏனென்றால் இவற்றில் பேச்சுக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை. முதலாவது குடி. நம் பக்கத்தில் கார்த்திகை பிறந்ததும் மாலை போடுகிறவர்கள் எத்தனை பேர்! வருஷம் முழுக்கக் காலையில் கண் விழித்ததும் குடிக்கிற மனுஷன் ஒரே நாளில் மொத்தமாக நிறுத்துகிறார், வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம், மறுநாள் கை நடுங்குகிறது, வியர்க்கிறது, வலிப்புகூட வந்துவிடும், இரண்டு மூன்று நாளில் தூக்கமே இல்லாமல் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று பிடிக்கப் போவார், இருக்கும் இடமே தெரியாது. சாமி குத்தம், மாலையில் தீட்டு பட்டுவிட்டது என்று வீட்டார் பரிகாரம் தேடுகிறார்கள். அது குடியைத் திடீரென்று நிறுத்தியதால் மூளைக்கு வரும் ஆபத்து, உயிரே போய்விடலாம், ஆஸ்பத்திரியில் சேர்த்தால் சில நாளில் சரியாகிவிடும். தினமும் அதிகமாகக் குடிப்பவர் நிறுத்த நினைத்தால் மாலை போடுவதற்கு முன்னாடியே டாக்டரைப் பார்த்து மாத்திரையோடு நிறுத்தட்டும், மாலையும் நிலைக்கும்.

இரண்டாவது, பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி. அழுகையும் சலிப்பும் முதல் சில நாளில் பலருக்கு வந்து போகும். இரண்டு வாரத்துக்கு மேலும் நீடித்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஆனால் தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டு, குழந்தையைப் பற்றி விபரீதமாக ஏதாவது சொன்னால் அது அவசரம், தாயையும் பிள்ளையையும் தனியாக விடாமல் அன்றைக்கே கூட்டிப் போக வேண்டும், பேய் ஓட்ட நேரம் கடத்தக் கூடாது. மூன்றாவது, யாரோ தன்னைப் பின்தொடர்கிறார்கள், காதில் குரல் கேட்கிறது என்று சொல்லும் இளவட்டப் பிள்ளைகள். "அப்படி எதுவும் இல்லடா தம்பி" என்று வாதாடினால் நம்மையும் எதிரி பட்டியலில் சேர்த்துவிடுவார்கள், "ஆமா, எனக்கும் கேக்குது" என்று ஒத்து ஊதவும் கூடாது. "உனக்கு அது பயமா இருக்குல்ல, தூங்கவே முடியலைல்ல, வா அதுக்கு வழி பாப்போம்" என்பது நடுவில் இருக்கும் பாதை. அப்புறம் நெஞ்சு அடைப்பு: பதற்றத்தால் வரும் படபடப்புக்கும் மாரடைப்புக்கும் வித்தியாசம் நம்மால் சொல்ல முடியாது, முதல் தடவை வருகிற நெஞ்சு வலியை மாரடைப்பு என்றே எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

கூட்டிக்கொண்டு போவது என்று சொன்னேன், எங்கே? கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியில் உண்டு, புதுச்சேரி பக்கம் இருப்பவர்களுக்கு ஜிப்மரும் கதிர்காமம் இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியும் உண்டு. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழு தாலுகா ஆஸ்பத்திரிகளுக்குக் குறிப்பிட்ட நாட்களில் முறை வைத்து வருவார்கள், உங்கள் பக்கம் எந்தக் கிழமை என்று ஆஸ்பத்திரியில் கேட்டுப் பயிற்சி அன்றைக்கே போர்டில் எழுதிப் போடுங்கள். நேரில் போகத் தயங்குகிறவர்களுக்கு 14416 என்ற மனநல உதவித் தொலைபேசி எண் உண்டு, தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்ற பெயரில் 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. பயிற்சியில் ஒருவரை ஸ்பீக்கரில் போட்டு அந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, இன்ன இடத்திலிருந்து பயிற்சிக்காகப் பேசுகிறோம், யாராவது கூப்பிட்டால் என்ன கேட்பீர்கள் என்று விசாரிக்கச் சொல்லுங்கள், அந்தப் பக்கம் ஒரு சாதாரண மனுஷக் குரல் பேசுவதைக் கேட்டுவிட்டால் எண்ணைப் பற்றிய பயம் போய்விடும். குழந்தைகளுக்கு 1098, அடிபடும் பெண்களுக்கு 181. ஒரு குழந்தை தனக்குப் பாலியல் தொல்லை நடந்ததாகச் சொன்னால் ரகசியம் என்று வைத்துக்கொள்ள முடியாது, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும்.

"நான் என்ன பைத்தியமா, அந்த டாக்டர்கிட்ட எதுக்கு வரணும்" என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். வாதம் பண்ணாதீர்கள். அவரை எது வாட்டுகிறதோ, தூக்கமோ நெஞ்சு படபடப்போ, அதிலிருந்து ஆரம்பியுங்கள், "தூக்கம் இல்லாம இப்படி எத்தன நாள் கிடப்பீங்க, அதுக்குன்னு டாக்டர் இருக்காரு, நான் கூட வரேன்". ஏமாற்றிக் கூட்டிப்போகக் கூடாது, மனநலப் பிரிவு என்று போர்டைப் பார்த்ததும் நம்பிக்கை போய்விடும், போகும் வழியிலேயே சொல்லிவிடுங்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ போகிறவர்களைத் தடுக்க வேண்டாம், கயிறும் இருக்கட்டும், மாத்திரையும் இருக்கட்டும். ஆனால் எங்கே போனாலும் சங்கிலியால் கட்ட அனுமதிக்காதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடி தர்கா பக்கத்தில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகத்தில் தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் கருகிப் போனார்கள், மேலே சொன்ன மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆவது பிரிவில் மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியால் பிணைப்பது தடை.

மாத்திரை விஷயத்தில் ஒன்று. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் தலைவலி மாத்திரை மாதிரி உடனே கேட்காது, பலன் தெரிய இரண்டிலிருந்து நாலு வாரம்வரை ஆகும், ஆனால் குமட்டலும் தலை கிறுகிறுப்பும் முதல் வாரமே வந்துவிடும். அதனால் முதல் வாரத்திலேயே நிறையப் பேர் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிட்டு "அந்த டாக்டர் சரியில்ல" என்கிறார்கள். ஓ.பி. சீட்டு வாங்கிக் கொடுத்ததோடு நம் வேலை முடிந்தது என்று நினைக்கும் இடத்தில்தான் எல்லாம் கைவிட்டுப் போகிறது. முதல் மாதம் வாரம் ஒருமுறை போய், மாத்திரை போட்டீங்களா, தூக்கம் எப்படி இருக்கு, அடுத்து எப்ப வரச் சொன்னாங்க என்று கேட்க ஒரு ஆள் இருந்தால் கதையே வேறு.

இதை நான் என் அனுபவத்தை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. மனநல முதலுதவி என்ற பெயரில் உலகம் முழுக்க நடக்கும் பயிற்சியை 2000ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் பெட்டி கிச்சனர் என்ற நர்ஸும் டோனி ஜோர்ம் என்ற ஆய்வாளரும் தொடங்கினார்கள். அதைப் படித்தவர்களுக்கு அறிவும் தைரியமும் கூடுகிறது, ஒதுக்கும் மனப்பான்மை குறைகிறது என்பதற்கு நிறையச் சான்று உண்டு, ஆனால் அவர்களிடம் உதவி பெற்றவர்கள் அதனால் நலமானார்களா என்பதற்கு இன்னும் வலுவான சான்று வரவில்லை. மாறாக ஜிம்பாப்வேயில் 2006இல் ஆரம்பித்த நட்பு பெஞ்ச் திட்டத்தைப் பாருங்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே ஒரு மரப் பெஞ்சில் உட்கார்ந்து, அந்த ஊர்ப் பாட்டிகள் வருகிறவர்களின் கஷ்டத்தைக் கேட்டு, ஒவ்வொரு பிரச்சினையாக எடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிக்கிறார்கள், மறுபடி மறுபடி சந்திக்கிறார்கள், பாட்டிகளுக்கு மேலே ஒரு வழிகாட்டும் குழுவும் இருக்கிறது. 2016இல் வெளிவந்த பெரிய ஆய்வில் அங்கே போனவர்களின் மனச்சோர்வு நன்றாகவே குறைந்திருந்தது. பெரிய படிப்புப் படிக்காதவர்களால் முடியுமா என்ற உங்கள் கேள்விக்கு இதுவே பதில், முடியும், ஆனால் ஒருநாளோடு விட்டால் முடியாது.

முப்பது பேரை யார் யார் என்று தேர்ந்தெடுப்பதில் மிகவும் கவனம் வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் குழுவின் ஊக்குநர்களையும் தலைவிகளையும்தான் அனுப்புவார்கள். அவர்கள்தான் தவணை வசூலிக்கிறவர்கள். நம் பக்கத்தில் பெண்களின் மனதை அரிக்கும் பெரிய விஷயமே குழுக் கடனும் அதன்மேல் வாங்கிய இன்னொரு கடனும்தான், வசூல் தொல்லையைத் தடுக்க 2025இல் தமிழ்நாடு தனிச் சட்டமே போட வேண்டிவந்தது. தவணை கட்ட முடியாமல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறவள், தவணை கேட்டு வரும் அக்காவிடம் "சாகணும் போல இருக்கு" என்று எப்படிச் சொல்வாள்? சொன்னாலும் தவணைக்கு நடிக்கிறாள் என்று நினைக்கத்தான் தோன்றும். அதனால் ஊக்குநர்களை விலக்க வேண்டாம், ஆனால் பாதிக்கு மேல் வேறு ஆட்களாக இருக்கட்டும். ஒவ்வொரு தெருவிலும் ஏற்கெனவே எல்லோரும் தேடிப் போய் மனசைக் கொட்டுகிற ஒருவர் இருப்பார், அங்கன்வாடி ஆயாவாக இருக்கலாம், மீன் விற்கிற அக்காவாக இருக்கலாம், தையல் கடைக்காரராக இருக்கலாம், மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொண்டுவரும் பெண்ணாக இருக்கலாம். அவர்களைப் பிடியுங்கள். ஆண்களும் சிலர் வேண்டும், துறைமுகத்தில் வலை பின்னும் இடத்திலும் சிப்காட் ஷிஃப்ட் பஸ்ஸிலும் பேசக்கூடியவர்கள், ஆண் பிள்ளைகள் பெண்களிடம் போய் அழ மாட்டார்கள்.

ரகசியம் காப்பது பற்றி ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். காலையில் குழாயடியில் சொன்னது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விடும் ஊர்கள் நம்முடையவை, ஒருவர் விஷயம் ஒருதடவை கசிந்தால் அந்தத் தெருவில் இனி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். உயிருக்கு ஆபத்து, குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டும் தேவையான ஆளிடம், அதுவும் அவரிடமே "இத உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லியாகணும், நானே கூட இருந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு. மற்றபடி பெயர் வெளியே வரக் கூடாது, குழுக் கூட்டத்தில் உதாரணமாகக்கூட.

கடலோர ஊர்களில் இருந்தும் ஆட்கள் வந்தால் புயல், வெள்ளம் பற்றியும் பேச வேண்டிவரும். 2004 சுனாமி, 2011 'தானே' புயல், 2015 வெள்ளம், 2024 ஃபெஞ்சல் புயல் என்று அடி மேல் அடி வாங்கிய கரை இது. பேரிடர் நேரத்து உதவிக்கு உலக சுகாதார நிறுவனம் 2011இல் கொடுத்த வழி எளிமையானது, பார், கேள், இணைத்துவிடு: யாருக்கு என்ன தேவை என்று பார், சொன்னால் கேள், சாப்பாட்டோடும் சொந்தபந்தத்தோடும் ஆஸ்பத்திரியோடும் இணைத்துவிடு. நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லு என்று வற்புறுத்துவது கெடுதல், சொல்லத் தோன்றும்போது சொல்லட்டும். தேவனாம்பட்டினத்தில் டிசம்பர் 26 அன்று கடலில் பால் ஊற்றுகிற வீடுகளில் அந்த வாரம் முழுக்கத் தூக்கம் கெடுவதும் பழசெல்லாம் மேலே வருவதும் இயல்புதான், அந்த நாட்களில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தாலே போதும்.

யார் பொறுப்பு என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. உங்கள் முப்பது பேர் மேல் அதைப் போடக் கூடாது, பயிற்சிக்குத் தேதி குறிக்கும் முன்பே மாவட்ட மனநலத் திட்டத்து அலுவலரைப் பார்த்து, சந்தேகம் வந்தால் யாருக்குப் போன் செய்வது, ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கே போவது என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்கு ஆள் அனுப்பச் சொல்லியும் அவர்களிடமே கேளுங்கள், அந்தக் குழுவின் வேலையில் அதுவும் ஒன்று. அப்புறம் மாதம் ஒருமுறை அந்த முப்பது பேரும் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டும், யாரையாவது பார்த்தார்களா, எங்கே திணறினார்கள், யாருடைய கதை கேட்டுத் தங்களுக்கே தூக்கம் போனது என்று பெயர் சொல்லாமல் பேச வேண்டும், அதில் மனநலக் குழுவிலிருந்து ஒருவர் இருந்தால் நல்லது. ஒருநாள் பயிற்சிக்கு ஒதுக்கிய பணத்தில் சான்றிதழுக்கும் பேனருக்கும் செலவழிப்பதைக் குறைத்து இந்த மாதக் கூட்டத்தின் டீச் செலவுக்கும் பஸ் காசுக்கும் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், ஆறு மாதத்துக்காவது வரும். தேதியைத் தவணை கட்டும் நாளில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.